போட்டிக்கு என்ன செய்யலாம், டீச்சர்?

(வாசகர் கேள்வி – பதில்)

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி கண்டுபிடிப்புப் போட்டிகளைப் பற்றித்தான் இருக்கும். அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள், மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் கண்காட்சிகளில் நடுவராகவும் இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

எங்கள் பள்ளியில் 'உலகின் நீடித்த வளர்ச்சிக்கு மாணவர் கண்டுபிடிப்பு' என்று போட்டி வைத்திருக்கிறார்கள். வறுமை, தண்ணீர், பருவநிலை என்று 17 தலைப்புகள். எல்லாமே ரொம்பப் பெரிதாக இருக்கிறது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை டீச்சர்.
– எட்டாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்

அந்த 17 தலைப்புகளும் 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை 2030-க்குள் எட்டவேண்டும் என்று வகுத்த இலக்குகள். நாடுகளுக்காக எழுதியது பாப்பா, அதைப் பார்த்து எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மலைப்பாக இருப்பதில் ஆச்சரியமில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு உன் தெருவில் இருந்து ஆரம்பி.

திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரை உனக்குத் தெரிந்திருக்கும். பள்ளிவிட்டு வரும் வழியில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டுவதைப் பார்த்தாள். ஒரு வண்டிக்கு நாளைக்கு 5 கிலோ கரி வரை ஆகிறது. கரிக்கு மரம் வேண்டும், எரித்தால் புகை, அந்தப் புகை முதலில் போவது இஸ்திரிக்காரரின் நெஞ்சுக்குள். இதை யோசித்து அவள் வடிவமைத்ததுதான் சூரிய மின்சாரத்தில் ஓடும் இஸ்திரி வண்டி. 2020-இல் ஸ்வீடனில் குழந்தைகள் பருவநிலைப் பரிசு கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினாள். கிளாஸ்கோ வரை போனது கடைசியில் நடந்த விஷயம். முதலில் நடந்தது தெருவோரக் கரியைக் கவனித்தது.

ஒடிசாவில் கோராபுட் மாவட்டம் தாமன்ஜோடியைச் சேர்ந்த லலிதா பிரசிதா என்ற பெண், மக்காச்சோளம் உதிர்த்த பிறகு குப்பையாகக் கிடக்கும் சக்கையை எடுத்தாள். அதைத் துண்டாகவும் பொடியாகவும் அடுக்கடுக்காக வைத்து அழுக்குத் தண்ணீரை வடிகட்டிப் பார்த்தாள். 2015-இல் கூகுள் அறிவியல் போட்டியில் சமூகப் பயன் விருது வாங்கியது அந்தச் சக்கைதான். அயர்லாந்தில் ஃபியான் ஃபெரேரா என்ற பையன் கடற்கரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எண்ணெய் படிந்த ஒரு கல்லில் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். எண்ணெய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒட்டும் என்றால், எண்ணெயில் காந்தப் பொடி கலந்து தண்ணீரில் விட்டு, அப்புறம் காந்தத்தால் இழுத்தால் பிளாஸ்டிக்கும் கூடவே வருமா? வந்தது. 2019-இல் அதே போட்டியின் முதல் பரிசு அவனுக்கு.

உன் ஊர் விசைத்தறி ஊர். பக்கத்து வீட்டிலேயே தறி ஓடும். அதனால்தான் உனக்கு அந்தச் சத்தம் காதில் விழாமல் போயிருக்கலாம். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலியை இறக்கிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போ. தறிக்குப் பக்கத்தில், வாசலில், எதிர் வீட்டுத் திண்ணையில் என்று அளந்து எழுது. எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு 85 டெசிபல் பாதுகாப்பு வரம்பு என்று சொல்வார்கள். உள்ளே நிற்பவர்கள் காதில் ஏன் எதுவும் மாட்டுவதில்லை என்று அவர்களிடமே கேள். வியர்க்கிறதா, வலிக்கிறதா, நூல் அறுந்தால் தெரியாமல் போய்விடும் என்ற பயமா? அவர்கள் சொல்கிற காரணத்தில்தான் உன் தலைப்பு இருக்கிறது. அந்தப் பதினேழில் 'நல்ல உடல்நலம்' மூன்றாவது, 'கண்ணியமான வேலை' எட்டாவது. அதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

பயனாளரைச் சந்தித்துப் பேசச் சொல்லி எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போனால் 'ஆமாம், கஷ்டம்தான்' என்கிறார்கள், அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எப்படிக் கேட்பது?
– ஆசிரியர், அருப்புக்கோட்டை

'என்ன கஷ்டம்?' என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும் சார். கேட்க வேண்டாம். வேலை நடக்கும்போது கூட உட்காரச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் ஆலங்குளம், முக்கூடல் எல்லாம் பீடி சுற்றும் ஊர்கள். என் மாணவிகளில் பலருக்கு அம்மாவும் அத்தையும் பீடி சுற்றுபவர்கள்தான். ஒரு வருடம் நான்கு பேர் சேர்ந்து 'பீடி சுற்றும் இயந்திரம்' செய்யப்போகிறோம் என்று வந்தார்கள். செய்யலாம், அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள் என்று அனுப்பினேன். இயந்திரம் என்றதுமே அந்த அக்கா சொல்லிவிட்டார்: "மிஷின் வந்தா எங்களுக்கு எதுக்குப் புள்ள கூலி குடுப்பான்?" பிள்ளைகளுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனாலும் எழுந்து வராமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அங்கேதான் விஷயம் கிடைத்தது. மடியில் சுளகு. அதில் நறுக்கிய இலை, தூள், நூல்கண்டு. சுளகு மடியில் இருப்பதால் கழுத்து குனிந்தே இருக்கிறது. அவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சுளகை இறக்கி வைத்துக் கழுத்தைப் பின்னால் வளைக்கிறார். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஒருத்தி கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள்.

சுளகுக்கு அடியில் வைக்க ஒரு சாய்வான தாங்கி செய்தார்கள். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. பழப்பெட்டிப் பலகையும் நான்கு கால்களும்தான். முதலில் செய்தது உயரம் அதிகம். அக்கா உட்கார்ந்து பார்த்துவிட்டு, முழங்கால் சுளகில் தட்டுப்பட்டால்தான் இலை சரியாமல் கை பழகும் என்றார். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்க முடியாது. காலை அறுத்துக் குட்டையாக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அந்த உயரமும் சரிவரவில்லை. கடைசியில் காலில் துளைகள் போட்டு, ஆணி மாற்றி உயரம் மாற்றும்படி வந்து நின்றது. கழுத்து வளைக்கும் இடைவெளி நீண்டதா என்று மறுபடியும் கடிகாரம் வைத்து எழுதினார்கள். மாவட்டத்தில் தேர்வாகி மாநில அளவில் நின்றுபோனது. அன்று பார்த்த நடுவர்களில் ஒருவர், "இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கடிகாரக் குறிப்புதான் அறிவியல் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆகவே உங்கள் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்தனுப்பாதீர்கள். ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், ஒரு அளவுநாடா போதும்.

கண்காட்சிக்கு மாடல் செய்து கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. எல்லோரும் வாங்குகிறார்கள். என் மகனுக்கு மட்டும் வாங்கித் தராமல் இருந்தால் அவன் பின்தங்கிவிட மாட்டானா?
– ஒரு தகப்பனார், திருப்பூர்

வாங்காதீர்கள் ஐயா. எந்த நடுவருக்கும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் கேட்பது ஒரே கேள்விதான். அட்டையில் ஏதாவது ஒரு சின்ன எல்இடி விளக்கைக் காட்டி, "இதோடு இந்த 220 ஓம் மின்தடையை ஏன் போட்டாய்?" என்பேன். தானே செய்த பிள்ளை, "போடாமல் கொடுத்தேன், எரிந்துவிட்டது டீச்சர்" என்று சொல்லும். அதுவே முழு மதிப்பெண் பதில். கணக்கு தெரிந்த பிள்ளை இன்னும் கொஞ்சம் போகும்: 5 வோல்ட்டில் விளக்கு 2 எடுத்துக்கொள்கிறது, மீதி 3-ஐ 220-ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர், விளக்கு தாங்கும். கடையில் வாங்கிய பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது. தப்பு அந்தப் பிள்ளையுடையது இல்லை.

அதே காசுக்கு ஒரு சாலிடரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் ஒயர் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் கெட்டுப்போன மிக்ஸியைக் கழற்ற விடுங்கள்.

நடக்கும்போது மின்சாரம் எடுக்கும் செருப்பு செய்திருக்கிறேன். உள்ளே பியசோ தகடுகள் (அழுத்தினால் மின்சாரம் தருபவை). மிதித்தால் எல்இடி எரிகிறது. இதை வைத்துக் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று எழுதலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், வேலூர்

விளக்கு எரிந்ததும் வந்த சந்தோஷத்தை வைத்துக்கொள் தம்பி. சார்ஜ் ஏற்றலாம் என்று எழுதுவதற்கு முன்னால் என்னோடு ஒரு கணக்குப் போடு. உன் பாடப்புத்தகத்துக்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

உன் எடை 50 கிலோ என்று வைப்போம். ஒவ்வொரு அடியிலும் செருப்பு 5 மில்லிமீட்டர் அமுங்குகிறது என்றும் வைப்போம். வேலை = விசை × தூரம். 50 × 9.8 × 0.005, அதாவது சுமார் 2.45 ஜூல். ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தால், கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர், 24,500 ஜூல். 3,600-ஆல் வகுத்தால் 6.8 வாட்–மணி. உன் கைப்பேசி பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர்–மணி என்றால் அதில் இருப்பது சுமார் 19 வாட்–மணி. ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். பியசோ தகடோ அரை மில்லிமீட்டர்கூட வளையாது. அப்படியானால் அந்த 6.8-இல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டோம். வளைந்ததில் கொஞ்சம்தான் மின்சாரமாகும் என்பது இன்னும் பாக்கி. பக்கத்தில் ஒரு 10 வாட் சூரியத் தகட்டை வை. நல்ல வெயிலில் 5 மணி நேரத்தில் 50 வாட்–மணி வரை தரும்.

இதே கணக்கை யாரும் கேட்காமல் விட்டதால் உலகம் முழுக்கப் பரவிய செய்திகள் உண்டு. 2012-இல் நைஜீரியாவின் லாகோஸில் நடந்த மேக்கர் ஃபேர் ஆப்பிரிக்கா என்ற கண்டுபிடிப்புக் கண்காட்சியில் நான்கு பள்ளி மாணவிகள் சிறுநீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து ஓடும் ஜெனரேட்டரைக் காட்டினார்கள். துணிச்சலான பிள்ளைகள். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பிரிக்கத் தண்ணீரைப் பிரிப்பதைவிடக் குறைந்த மின்னழுத்தம் போதும் என்பது ஆய்வகங்களில் காட்டப்பட்டதுதான், ஆகவே யோசனையிலும் சாரம் இருந்தது. ஆனால் 'ஒரு லிட்டரில் ஆறு மணி நேரம் மின்சாரம்' என்று செய்தி போட்டவர்கள், பிரிப்பதற்கு உள்ளே எவ்வளவு மின்சாரம் போனது என்பதைப் போடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது நியாயம் செய்யவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

சரி, உன் செருப்பை என்ன செய்வது? அந்தத் தகடு மின்சாரம் தருவதில் வீக், அழுத்தத்தை உணர்வதில் கில்லாடி. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கு எந்த இடத்தில் அதிக அழுத்தம் விழுகிறது என்று தெரியாமல் புண் வந்துவிடும். குதிகால், பெருவிரல் அடி, பாதத்தின் முன்பகுதி என்று மூன்று இடத்தில் தகடு வைத்து, எங்கே அதிகம் விழுகிறது என்று காட்ட முடியுமா? பியசோ நிற்கும்போது உள்ள நிலையான அழுத்தத்தைக் காட்டாது, மாறும்போதுதான் காட்டும். நடைக்குச் சரிவரும், நிற்பதற்கு வேறு சென்சார் தேடவேண்டும். உன் ஊரிலேயே பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. பாதப் பராமரிப்பு பார்க்கும் ஒருவரிடம் டீச்சரோடு போய்க் கேட்டு வா. நீ செய்த எதுவும் வீணாகாது, தலைப்பு மட்டும் மாறும்.

எந்தப் போட்டிகளுக்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்? பட்டியல் தர முடியுமா?
– பலர்

எனக்குப் பிடித்ததை முதலில் சொல்கிறேன். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 1993-இலிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டில் இதற்காக உழைப்பவர்கள் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர். 10 முதல் 17 வயது வரை. உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து, களத்தில் தரவு சேகரித்து, தாய்மொழியிலேயே அறிக்கை கொடுக்கலாம். பளபளப்பான மாடல் தேவையில்லை. கிராமத்துப் பிள்ளை நகரத்துப் பிள்ளைக்குச் சமமாக நிற்கும் மேடை இது.

அடுத்தது இன்ஸ்பயர்–மானக். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்துகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து சேரலாம். பள்ளி வழியாக யோசனை போகவேண்டும், தேர்வானால் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். தலைமை ஆசிரியர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் பிள்ளைக்குத்தான் அலைச்சல். தேசியப் புத்தாக்க நிறுவனம் நடத்தும் இக்னைட், அப்துல் கலாம் பெயரில் உள்ளது. அதில் மாடல்கூட வேண்டாம், யோசனையை எழுதி அனுப்பினால் போதும். வினிஷாவின் வண்டிக்கு முதலில் கிடைத்த அங்கீகாரம் அதுதான்.

வெளிநாட்டுப் போட்டிகளில் தண்ணீர் என்றால் ஸ்டாக்ஹோம் இளையோர் நீர்ப் பரிசு, 1997-இலிருந்து, 15 முதல் 20 வயது வரை. சுற்றுச்சூழல் என்றால் ஜெனீவாவிலிருந்து நடத்தும் எர்த் பிரைஸ், 13 முதல் 19 வரை. கூகுள் அறிவியல் போட்டியைப் பலர் கேட்கிறீர்கள். 2018-19-தான் கடைசி, இப்போது அந்தப் பெயரில் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பரிசு வாங்கிய கண்டுபிடிப்புகள் எல்லாம் அப்புறம் எங்கே போகின்றன? செய்தித்தாளில் படம் வருவதோடு சரி, கடையில் ஒன்றையும் காணோமே.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பெரும்பாலும் பள்ளியின் அறிவியல் ஆய்வக அலமாரிக்குப் போகின்றன. எனக்கும் அது உறுத்துகிற விஷயம்தான் ஐயா. மாடல் என்பது ஒருமுறை வேலை செய்தால் போதும். பொருள் என்பது மழையில் நனைந்து, கீழே விழுந்து, மூன்றாவது வருடமும் வேலை செய்ய வேண்டும். கெட்டால் பக்கத்துக் கடையில் சரிபார்க்க ஆள் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பணமும் பொறுமையும் கேட்கிற பல வருடங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளையால் தனியாக அதைத் தாண்ட முடியாது.

தாண்டியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பார்வையற்றோருக்கான அல்ட்ராசோனிக் கைத்தடி, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தடையைக் கண்டுபிடிப்பது, எல்லாக் கண்காட்சிகளிலும் வரும். சாதாரண வெள்ளைக் கைத்தடிக்கே தரையில் இருப்பது தெரிந்துவிடும். தெரியாதது, முழங்காலுக்கு மேலே வழியில் நீட்டிக்கொண்டிருப்பவை: திறந்த ஜன்னல் கதவு, சாய்ந்த கிளை, நிறுத்திவைத்த லாரியின் பின்பக்கம். டெல்லி ஐஐடி மாணவர்கள் பார்வையற்றவர்களோடு பழகி இதைப் புரிந்துகொண்டு ஆரம்பித்ததுதான் ஸ்மார்ட்கேன். கைத்தடியை மாற்றவில்லை, அதன் பிடியில் மாட்டும் கருவியாகச் செய்தார்கள். தடையை அதிர்வால் உணர்த்தும். மாணவர் திட்டமாகத் தொடங்கியது, பல கட்டச் சோதனைகள் முடிந்து 2014-இல்தான் வெளிவந்தது. தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். நிதி கொடுத்தவர்கள், தொண்டு நிறுவனம், தொழிற்சாலை என்று இத்தனை கை சேர்ந்த பிறகுதான் அது ஒருவர் கைக்குப் போனது. போட்டி நடத்துபவர்கள் பரிசளிப்பு விழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியை இந்த நடு வருடங்களுக்கு ஒதுக்க வேண்டும். கூட்டம் கிடைத்தபோதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

கண்காட்சியில் வைப்பதற்கு முன் காப்புரிமை வாங்கவேண்டுமா?
– ஒரு தாயார், கோயம்புத்தூர்

உண்மையிலேயே புதியது என்று தெரிந்தால், ஆமாம், பதிவு முதலில், கண்காட்சி அப்புறம். பொதுவில் காட்டிவிட்டால் 'புதியது' என்ற தகுதி போய்விடக்கூடும். அரசு அறிவிக்கை செய்த சில கண்காட்சிகளுக்கு மட்டும்தான் விலக்கு. முழு விவரமும் தயாராக இல்லாவிட்டால் தற்காலிக விவரக்குறிப்பாகத் தாக்கல் செய்யலாம். தனிநபர் இணையத்தில் தாக்கல் செய்ய 1,600 ரூபாய். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் கூகுள் பேட்டன்ட்ஸில் தேடிப் பாருங்கள் அம்மா, செலவில்லை. நான் பார்த்தவரை பத்தில் ஒன்பது அங்கே ஏற்கெனவே இருக்கும். இருந்தால் மனம் தளர வேண்டாம், அதைவிட எளிதாகவோ மலிவாகவோ செய்ய முடியுமா என்று பிள்ளை யோசிக்கட்டும்.

அமராவதி ஆற்றுத் தண்ணீரில் என்ன பாக்டீரியா இருக்கிறது என்று வீட்டிலேயே அகர் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) வளர்த்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ரிஸ்க்கா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கரூர்

வேண்டாம் பாப்பா, வீட்டில் வளர்க்கவே கூடாது. தட்டில் வளர்வது எது என்று உனக்குத் தெரியாது, கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் என்ற பன்னாட்டுப் பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சி போன்ற பெரிய போட்டிகளில் வீட்டில் நுண்ணுயிர் வளர்த்த திட்டத்தைச் சேர்க்கவே மாட்டார்கள்.

வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது. பிஹெச் தாள் வைத்துப் பார்க்கலாம். கண்ணாடிக் குழாயின் அடியில் கறுப்பு வெள்ளைத் தட்டு வைத்து, எத்தனை சென்டிமீட்டர் தண்ணீரில் அது மறைகிறது என்று கலங்கலை அளக்கலாம். சாயப்பட்டறைகளுக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், ஊர் தாண்டி ஓரிடம் என்று எடு. மழைக்கு முன், மழைக்குப் பின் என்றும் எடு. ஆற்றில் தனியாக இறங்காதே. பாக்டீரியாவுக்கு, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. மாதிரியை எந்தப் பாட்டிலில், எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அங்கே முதலில் கேட்டுக்கொள். போகும்போது உன் அறிவியல் டீச்சரையும் பள்ளி முத்திரை போட்ட கடிதத்தையும் கூட்டிக்கொண்டு போ.